லூப், ஊதா டார்ச், உறை, பெட்டி: பழைய சொகுசுக் கார் படங்கள் சேர்ப்பவருக்கு எது காசுக்குத் தகும்?

ரோல்ஸ்-ராய்ஸின் 'சில்வர் கோஸ்ட்' என்ற பெயர் ஒரே ஒரு வண்டியிலிருந்து பிறந்தது. 1907-இல் லண்டன் பார்க்கர் பட்டறை பாடி கட்டியது. அலுமினிய வண்ணம் பூசியது. பதிவெண் ஏஎக்ஸ் 201, சேசிஸ் எண் 60551. இந்த வண்டியின் பழைய படம் விற்பனைக்கு வரும்போது '1907' என்ற ஆண்டையும் சுமந்துகொண்டுதான் வரும். வண்டி 1907-தான், அதில் பேச்சில்லை. படம் எந்த ஆண்டு? 1908-இல் கைமாறிய அந்தக் கார் 1948-இல் மறுபடி நிறுவனத்திடமே திரும்பியது. அதற்குப் பிறகும் அது எத்தனையோ கேமராக்களுக்கு முன்னால் நின்றிருக்கிறது. 1907-இல் எடுத்து 1907-இல் பிரிண்ட் போட்ட படமும், 1960-களின் விளம்பரப் பிரிண்டும் திரையில் சின்னதாகப் பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அதனால் இந்தச் சேகரிப்பில் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வயது பார்க்க வேண்டும்: வண்டியின் வயது, காகிதத்தின் வயது. முதலாவதைப் படிப்பறிவு சொல்லும். இரண்டாவதைக் கருவிதான் சொல்லும். சேகரிப்பவர்கள் வாங்கும் நான்கு பொருள்களை, அதாவது உருப்பெருக்கி, புற ஊதா டார்ச், படம் வைக்கும் உறை, பெட்டி ஆகியவற்றை இங்கே எடை போட்டிருக்கிறோம். எந்தப் பிராண்டையும் தூக்கிப் பிடிக்கவில்லை. என்ன பொருளால் செய்தது, என்ன அளவு, எங்கே காலை வாரும் என்பதே கணக்கு.

எந்தப் படங்களைப் பற்றிய பேச்சு என்பதையும் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் விலை உயர்ந்த கார்களைத் தொழிற்சாலை சேசிஸாக, அதாவது மேல்கூடு இல்லாமல் சட்டமும் இன்ஜினும் சக்கரமுமாக மட்டுமே விற்பது வழக்கம். கரூரில் சேசிஸைக் கொண்டுபோய் விட்டுப் பஸ்ஸுக்கு பாடி கட்டுவதைப் போல, வாங்கியவர் அதை இங்கிலாந்தில் பார்க்கர், ஹூப்பர், பிரான்சில் கெல்னர், லாபூர்தெத், அமெரிக்காவில் புரூஸ்டர், லெபாரன் போன்ற பட்டறைகளுக்கு அனுப்புவார். சென்னையில் சிம்ப்சனும் அப்படி பாடி கட்டிய நிறுவனம்தான். வேலை முடிந்ததும் வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, பெரிய கண்ணாடி நெகட்டிவில் ஒரு படம் எடுத்து வைப்பார்கள். பின்னாளில் பாடியைக் கழற்றி வேறு பாடி ஏற்றுவது சாதாரணமாக நடந்தது. அப்படிப் போன வடிவமைப்புக்கு அந்த ஒரு படமே சாட்சியாக மிஞ்சியிருக்கலாம். அதை ஒட்டும் ஆல்பத்தில் போட்டுப் பாழாக்குவதைக் கண்டால் வயிறு எரியும்.

முதலில் உருப்பெருக்கி. கடையில் '60 மடங்கு பாக்கெட் மைக்ரோஸ்கோப்' என்று எல்இடி விளக்கோடு சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதைத்தான் புதியவர்கள் உடனே வாங்குகிறார்கள். அது வேண்டும், ஆனால் இரண்டாவதாக. முதலில் வாங்க வேண்டியது 10 மடங்கு லூப். நகைக்கடையில் வைரம் பார்ப்பார்களே, மூன்று வில்லை சேர்த்த அதே லூப்தான். வில்லையின் விட்டம் 18 முதல் 21 மில்லிமீட்டர் இருந்தால் போதும். '30 மடங்கு' என்று எழுதி ஒற்றை வில்லையோடு வரும் மலிவு லூப்பில் ஓரமெல்லாம் வானவில்லாகக் கலங்கும். அதற்குக் கொடுக்கும் காசு வீண்.

10 மடங்கே ஏன் போதும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பத்திரிகை, கேட்லாக், புத்தகம் இவற்றில் அச்சான படம் புள்ளிகளால் ஆனது. நல்ல வழவழத் தாளில் அங்குலத்துக்கு 133 வரிசைப் புள்ளி என்று வைத்துக்கொண்டால் இரண்டு புள்ளிக்கு இடையே 0.19 மில்லிமீட்டர். 10 மடங்கில் அது ஏறத்தாழ 2 மில்லிமீட்டராக விரியும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். செய்தித்தாளின் 65 வரிசைப் புள்ளி வெறும் கண்ணுக்கே தெரியும். கேட்லாக்கிலிருந்து கிழித்த பக்கத்தை 'அசல் புகைப்படம்' என்று விற்பதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் கோளாறு. அதைப் பிடிக்க 10 மடங்கு லூப் தாராளம்.

60 மடங்கு தேவைப்படுவது மற்ற அச்சு முறைகளைப் பிரித்துப் பார்க்கத்தான். ஃபோட்டோகிராவியூர் என்ற பழைய அச்சு முறையில் ஒழுங்கில்லாத நுண்மணிகள் தெரியும். அதன் சுழல் இயந்திர வகையில் கட்டம் கட்டமான குழிகள் தெரியும். கொலோடைப் என்ற இன்னொரு பழைய அச்சு முறையில் புழு நெளிந்ததைப் போன்ற சுருக்கங்கள் இருக்கும். இன்றைய இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் கறுப்பு வெள்ளைப் படத்துக்குள்ளேயே நீலம், மஞ்சள், ஊதாச் சிவப்புத் துளிகள் சிதறிக் கிடப்பது வழக்கம். உண்மையான சில்வர் ஜெலட்டின் பிரிண்டில், அதாவது ஜெலட்டின் படலத்துக்குள் வெள்ளித் துகளால் படம் பதிந்த வழக்கமான கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில், அதுவும் பெரிய நெகட்டிவை நேராகக் காகிதத்தின் மேல் வைத்து எடுத்த பிரிண்டில், எந்த வடிவமும் இருக்காது. சாம்பல் நிறம் புகையைப் போல நழுவி மாறும். காகித நாரும் தெரியாது, ஏனென்றால் ஜெலட்டினுக்குக் கீழே பேரைட்டா என்ற வெள்ளைப் பூச்சு நாரை மறைத்துவிடும். நார் தெளிவாகத் தெரிந்தால் அது பேரைட்டா இல்லாத காகிதம். முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் போன்ற இன்னும் பழைய முறையாக இருக்கலாம். கார் படத்தில் அது அபூர்வம் என்பதால் இரண்டு முறை யோசியுங்கள்.

பாக்கெட் மைக்ரோஸ்கோப்பின் குறைகள் மூன்று. எல்இடி நேராகக் கீழே அடிப்பதால் பளபளப்பான பிரிண்டில் வெள்ளை வட்டம் ஒன்று கண்ணைக் கூசும். விளக்கின் மேல் ஒரு துண்டு டிரேசிங் பேப்பரை ஒட்டினால் அடங்கிவிடும். காகிதம் சற்று வளைந்திருந்தாலும் ஃபோகஸ் ஓடிவிடும். படத்தை அழுத்தி நேராக்கப் பார்க்காதீர்கள், வேறு இடம் பாருங்கள். மூன்றாவதுதான் ஆபத்து. கருவியின் பிளாஸ்டிக் விளிம்பு நேராக ஜெலட்டின் மேல் உட்கார்ந்து வட்டமாகக் கீறும். அந்தக் கீறலை மாற்றவே முடியாது. இடையில் தெளிவான பாலியெஸ்டர் தாள் ஒன்றை வைத்து, கருவியை நகர்த்தாமல் தூக்கித் தூக்கி வையுங்கள்.

லூப்பால் காகிதத்தை மட்டுமல்ல, படத்துக்குள்ளும் பார்க்கலாம். பட்டறைப் படங்களில் பின்னணி சுத்த வெள்ளையாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நெகட்டிவில் வண்டியைச் சுற்றி ஒளி புகாத வண்ணத்தைப் பூசி மறைப்பார்கள். பிரிண்டில் அந்த இடம் வெள்ளையாகிவிடும். சக்கரக் கம்பிகளின் இடுக்கிலும் கதவுக் கண்ணாடிக்குள்ளும் தூரிகை போகாது. அங்கே பட்டறை முற்றத்தின் செங்கல், எதிர் வீட்டு ஜன்னல், சில நேரம் பின்னால் துணி பிடித்து நிற்கும் ஆளின் காலணிகூட மிச்சமிருக்கும். லூப்பை அங்கேதான் முதலில் கொண்டுபோக வேண்டும்.

இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம், கைபேசி டார்ச் போதும். படத்தை மேசையில் வைத்து ஓரத்திலிருந்து 10, 15 டிகிரி சாய்வில் ஒளியைப் படரவிடுங்கள். பத்திரிகை அலுவலகத்துப் பிரிண்டாக இருந்தால் வெள்ளை, சாம்பல் கவாஷ் (ஒளி புகாத நீர்வண்ணம்) வண்ணத்தால் மெருகேற்றிய இடங்கள் மேடாகத் தெரியும். மடிப்பு, ஊசித் துளை, கிரீஸ் பென்சில் கோடு எல்லாம் மேற்பரப்பில் தட்டுப்படும். இப்போது முக்கியமான கேள்வி: படத்தில் மடிப்புக் கோடு தெரிகிறது, ஆனால் காகிதம் சமமாக இருக்கிறதா? தூரிகைத் தடம் தெரிகிறது, ஆனால் மேடு இல்லையா? அப்படியானால் உங்கள் கையில் இருப்பது பிரிண்டைப் படமெடுத்து அதிலிருந்து போட்ட பிரிண்ட். நிழல் அடைத்துக்கொண்டு, பளிச்சென்ற இடம் வெளுத்து, சக்கரத்தின் மையத்தில் விவரமெல்லாம் செத்துப்போயிருப்பதும் அதற்கே சாட்சி. விற்பவர்கள் 'டைப் 1' என்று எழுதுவது அசல் நெகட்டிவிலிருந்து, படமெடுத்த ஏறக்குறைய 2 ஆண்டுக்குள் போட்ட பிரிண்டுக்கு உரிய சொல். அந்தச் சொல்லை நம்பி வாங்காமல் இந்தச் சோதனையைச் செய்து வாங்குங்கள்.

வண்டியின் வயதுக்கு லூப் தரும் துப்புகளைப் பெரும்பாலும் ஒரே திசையில்தான் படிக்க வேண்டும்: 'இதற்கு முன்னால் இருக்க முடியாது' என்று. ரோல்ஸ்-ராய்ஸ் ரேடியேட்டர் மேல் பறக்கும் பெண் சிலை இருந்தால் படம் 1911-க்கு முந்தியதல்ல. ஆனால் 1909 வண்டியில் பின்னால் சிலையை மாட்டியிருக்கலாம். அதே நிறுவனத்தின் முன்சக்கரத்துக்குள் பிரேக் டிரம் தெரிந்தால் 1920-களின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். ஹிஸ்பானோ-சூயிசா எச்6-இலோ 1919-லேயே நான்கு சக்கர பிரேக் உண்டு. எதிர்த் திசையில் போகும் துப்பு டயர்: வெளிர் நிறத்தில் இருந்தால் ரப்பரைக் கறுப்பாக்கும் கார்பன் பிளாக் பரவலாவதற்கு முந்தைய காலம், அதாவது பெரும்பாலும் 1910-களோ அதற்கு முன்னாலோ. பிரிட்டிஷ் வண்டியில் பதிவெண் பலகை இருந்தால் 1904 ஜனவரிக்குப் பிறகு.

நிறத்தை மட்டும் படத்தைப் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள். அக்காலக் கண்ணாடி நெகட்டிவ் தட்டுகளில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை உணராதவை. செக்கச் சிவந்த காரும் அரக்கு நிறக் காரும் அவற்றில் கறுப்பாகப் பதியும். நல்ல நீலம் வெளிறிப்போகும். எல்லா நிறத்தையும் உணரும் தட்டுகள் 1906-லேயே கடைக்கு வந்தாலும் பழையவை 1920-களிலும் புழக்கத்தில் இருந்தன. பழைய படத்தில் கறுப்பாகத் தெரியும் காரை 'கறுப்பு லிமோசின்' என்று குறித்து வைப்பது, தெரியாததைத் தெரிந்ததாக எழுதுவது. பளபளப்பே இல்லாமல் மங்கலாக, வெளிச்சம் வழுக்காமல் தெரியும் பாடியைப் பார்த்தால் வண்ணம் மங்கியது என்று நினைக்க வேண்டாம். அது 1920-களில் பிரான்சிலிருந்து பரவிய வேய்மன் முறைத் துணிப் பாடியாக இருக்கக்கூடும்.

அடுத்து புற ஊதா டார்ச். 1950-களின் தொடக்கத்திலிருந்து புகைப்படக் காகிதம் செய்தவர்கள் வெள்ளையைத் தூக்கிக் காட்ட ஒளிர்பொருள் சேர்க்கத் தொடங்கினார்கள். சலவைத் தூளில் நீலம் கலப்பதைப் போல. புற ஊதா ஒளி பட்டால் அந்தக் காகிதம் நீல வெள்ளையாகச் சுடர்விடும். போருக்கு முந்தைய காகிதம் மங்கிக் கிடக்கும். ஏஎக்ஸ் 201 கதைக்கு இதுவே நேரான விடை: '1907 அசல்' என்று வந்த படத்தின் பின்பக்கம் நிலவாக ஒளிர்ந்தால் விற்பவரோடு வாதாட வேண்டியதே இல்லை.

வாங்கும்போது அலைநீளம் பாருங்கள். சந்தையில் மலிவாகக் கிடைப்பது 395 நானோமீட்டர் டார்ச். அது ஊதா நிறத்தைக் கண்ணுக்குத் தெரியும்படியே உமிழும். எல்லாக் காகிதமும் ஊதாவாகத் தெரிந்து, ஒளிர்கிறதா பிரதிபலிக்கிறதா என்று குழப்பும். நோட்டு சரிபார்க்க அது ஆகும், நமக்கு ஆகாது. 365 நானோமீட்டர், முன்னால் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி போட்டது வாங்குங்கள். விலை சில மடங்கு கூடும், ஆனால் அந்த வடிகட்டிதான் நீங்கள் காசு கொடுக்கும் பொருள்.

பயன்படுத்தும் விதம்: அறையை நன்றாக இருட்டாக்கி, கண் பழக 2, 3 நிமிடம் விடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளை ஜெராக்ஸ் தாளையும், வயது உறுதியாகத் தெரிந்த ஒரு பழைய காகிதத்தையும் வையுங்கள். முதலாவது பளிச்சென்று எரியும், இரண்டாவது அணைந்து கிடக்கும். உங்கள் படம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒப்பிடலாம். 15 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பின்பக்கத்தையும் வெள்ளை ஓரத்தையும் சில விநாடி மட்டும் பாருங்கள். டார்ச்சைக் கண்ணில் அடிக்காதீர்கள். 365 கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதாலேயே ஆபத்து கூடுதல்.

தவறு எங்கே நேரும்? ஒளிர்ந்தால் காகிதம் புதியது என்பது உறுதி, ஆனால் ஒளிராவிட்டால் பழையது என்று உறுதியாகாது. 1950-க்குப் பிறகும் ஒளிர்பொருள் சேராத காகிதங்கள் வந்தன. பின்னால் ஒட்டிய அட்டை ஒளிரும், படம் ஒளிராது என்றால் பழைய படத்தைப் புதிய அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். அங்கங்கே நீல இழைகள் மட்டும் மின்னினால் அது துணித் தூசி. சலவைத் தூளின் வேலை. மஞ்சளாகப் படர்ந்து ஒளிர்வது பெரும்பாலும் பழைய பசை. இவற்றைப் பிரித்துப் பார்க்கப் பத்துப் பதினைந்து படம் பழகினால் கை வந்துவிடும்.

டார்ச்சோடு சேர்த்துப் பின்பக்கத்தைப் படிக்கவும் வேண்டும். பின்பக்கம் பிளாஸ்டிக் தடவியதைப் போல வழுக்கினால் அது ரெசின் பூசிய காகிதம். 1960-களின் கடைசிக்குப் பிறகு வந்தது, கார் எதுவாக இருந்தாலும் சரி. அமெரிக்க அஞ்சலட்டைப் படங்களில் தபால்தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி 'ஏஸோ' (AZO) என்ற காகிதப் பெயர் இருக்கும். நான்கு மூலை முக்கோணமும் மேல்நோக்கி இருந்தால் 1904 முதல் 1918 வரை. இரண்டு மேலே இரண்டு கீழே என்றால் 1918 முதல் 1930 வரை. பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்து முகவரிக்கும் செய்திக்கும் இடம் விடுவது பிரிட்டனில் 1902, அமெரிக்காவில் 1907. பத்திரிகைப் படத்தில் லூப்பின் கீழ் கிடைமட்டக் கோடுகள் வரிசையாக ஓடினால் அது தந்தி வழி வந்த படம். அசோசியேட்டட் பிரஸ் அந்தச் சேவையைத் தொடங்கியது 1935 ஜனவரி 1-இல். செய்தி மதிப்பு உண்டு, வடிவமைப்பைப் படிக்க உதவாது. பம்பர் வளைவெல்லாம் கோட்டில் கரைந்துபோயிருக்கும்.

இனி உறை. அதிகம் ஏமாறும் இடம் இதுதான். கடைக்காரர் எல்லாவற்றையும் 'ஆர்க்கைவல்', அதாவது ஆவணக் காப்பகத் தரம் என்று சொல்வார். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. யாரும் அட்டையில் அச்சடிக்கலாம். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: எந்த பிளாஸ்டிக், ஐஎஸ்ஓ 18916 சோதனையில் தேறியதா. உறைப் பொருள் வெள்ளிப் படிமத்தையும் ஜெலட்டினையும் கெடுக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. பாலியெஸ்டர் முதல் தரம். கண்ணாடியைப் போலத் தெளிவு, விறைப்பு, பல பத்தாண்டு நிற்கும். பூச்சில்லாத பாலிப்ரொப்பிலீன் இரண்டாவது. விலை குறைவு, சற்று மென்மை, சுலபமாகக் கீறல் விழும். பிவிசி வேண்டவே வேண்டாம். அதிலிருந்து கசியும் அமில ஆவியும், மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய்ப் பொருளும் படத்தைப் பிசுபிசுக்க வைத்துக் கடைசியில் ஒட்டிக்கொள்ளச் செய்யும்.

கடைக்காரர் சொல்லை வீட்டிலேயே சரிபார்க்கலாம். உறையின் ஓரத்தில் 1 சென்டிமீட்டர் வெட்டி, ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு விட்ட தண்ணீரில் முக்கி விடுங்கள். மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். மூழ்கினால் பாலியெஸ்டரோ பிவிசியோ. இந்த இரண்டையும் பிரிக்க செப்புக் கம்பிச் சோதனை: மின்கம்பியின் செம்பை அடுப்புத் தீயில் பச்சை போகும்வரை சூடாக்கி, சிவந்த முனையால் உறைத் துண்டைத் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையானால் குளோரின் இருக்கிறது, பிவிசி. திறந்த வெளியில், துளி அளவில், முகத்தை விலக்கிச் செய்யுங்கள். படம் உள்ளே இருக்கும்போது உறையைத் தீயின் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

தடிமன் 75 மைக்ரான் என்றால் அஞ்சலட்டை அளவுக்குப் போதும். 8×10 அங்குலத்துக்கு 100 மைக்ரான் எடுங்கள், இல்லாவிட்டால் தூக்கும்போது உறையோடு படமும் வளையும். அளவில் பலர் சறுக்குகிறார்கள். கடையில் சுலபமாகக் கிடைப்பது அமெரிக்கப் பத்திரிகைப் படத்தின் 8×10 அங்குலம், அதாவது 203×254 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் படங்களோ 'ஹோல் பிளேட்' அளவில், 165×216 மில்லிமீட்டர். பிரெஞ்சுப் படங்கள் 13×18 அல்லது 18×24 சென்டிமீட்டர். 8×10 உறைக்குள் ஹோல் பிளேட் படத்தைப் போட்டால் உள்ளே ஆடி ஆடி மூலை மழுங்கும். ஒவ்வொரு பக்கமும் 3 முதல் 5 மில்லிமீட்டர் மட்டும் இடம் இருக்க வேண்டும். பழைய பிரிண்டுகளைக் கையால் வெட்டியிருப்பார்கள் என்பதால் படத்தை அளந்த பிறகே உறை வாங்குங்கள்.

மூன்று பக்கம் மூடிய உறையைவிட, இரண்டு பக்கம் மட்டும் ஒட்டிய 'எல்' வடிவ உறை நல்லது. தாளைத் திறந்து படத்தை வைத்து மூடலாம். உள்ளே இழுத்துத் தள்ள வேண்டாம். ஜெலட்டின் பெயர்ந்து செதில் விட்ட படத்துக்கு எந்தப் பாலியெஸ்டரும் ஆகாது. அதன் நிலைமின்சாரம் செதிலைத் தூக்கிவிடும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு பெரிய நிபந்தனையும் போட வேண்டும். சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் அடுக்கி வைப்பதை நாம் பரிந்துரைக்கவில்லை. காற்றில் ஈரம் ஏறினால் ஜெலட்டின் மென்மையாகும். மேலிருந்து எடை அழுத்தினால் வழவழப்பான பிளாஸ்டிக்கோடு அது ஒட்டும். பிரித்தால் மேற்பரப்பில் கண்ணாடித் திட்டுகள் விழும், போகாது. குளிர்ந்த வறண்ட நாடுகளில் எழுதிய பரிந்துரைகளை அப்படியே இங்கே பின்பற்றியதால் கெட்ட படங்கள் நிறைய. நம் ஊருக்குச் சரியானது அமிலமில்லாத காகிதத்தில் செய்த நான்கு மடிப்பு உறை. படத்தை நடுவில் வைத்து நான்கு சிறகையும் மடித்தால் போதும், பசையே இல்லை. பார்க்கவும் காட்டவும் எடுக்கும்போது மட்டும் பாலியெஸ்டருக்கு மாற்றுங்கள். காகித உறையில் படத்தைப் பார்க்க ஒவ்வொரு முறையும் பிரிக்க வேண்டியிருக்கும் என்பது குறைதான். உறையின் வெளியே சிறிய நகல் ஒன்றை ஒட்டிவிட்டால் பாதிக்குப் பாதி குறையும்.

பெட்டிக்கு, இறுக மூடும் ரப்பர் வளையம் வைத்த பாலிப்ரொப்பிலீன் பெட்டி. 45×35×20 சென்டிமீட்டர் என்றால் 31.5 லிட்டர். அருங்காட்சியகக் காட்சிப் பெட்டிகளுக்குச் சொல்லும் பழைய விதி ஒரு கனமீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்). அந்தக் கணக்கில் இந்தப் பெட்டிக்கு 630 கிராம் வேண்டும். செருப்புப் பெட்டியில் வரும் 5 கிராம் பொட்டலம் இரண்டைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதில் பயனில்லை. முழுக்கக் காய்ந்த ஜெல்லை அப்படியே படத்தோடு வைப்பதும் தவறு. ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே போனால் ஜெலட்டின் சுருங்கிப் படம் குழலாகச் சுருளும். படம் இல்லாமல் ஜெல்லையும் ஈரமானியையும் மட்டும் வைத்து மூடுங்கள். தினமும் சிறிது நேரம் திறந்து திறந்து, மூடிய நிலையில் 40 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிலைத்த பிறகே படங்களை வையுங்கள். 50-ஐத் தாண்டினால் ஜெல்லை வெளியே எடுத்து 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமல் ஓவனில் உலர்த்தி மறுபடி இதே வேலை.

மலிவு ஈரமானி 5 சதவீதம் கூடக் குறையக் காட்டும். சரிபார்க்க, மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு ஈரக் குழம்பாக நனைத்து, ஈரமானியோடு ஜிப் பையில் ஒரு இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் 5 கூட்டிக்கொள்ளுங்கள். நாப்தலின் உருண்டை, கற்பூரம், வேப்ப எண்ணெய் எதையும் பெட்டிக்குள் போட வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கு ஜெலட்டினும் மாவுப் பசையும் விருந்து. அதைத் தடுப்பது ஈரத்தைக் குறைப்பதும் இறுகிய மூடியும்தான். நிழல் பகுதிகளில் நீலமாக மின்னும் வெள்ளிப் படலம் பழமையின் அடையாளம். அதைத் துடைக்கக் கை பரபரத்தாலும் தொடாதீர்கள். துடைத்தால் படிமமே வரும்.

எண் எழுத, படத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்து, 2பி பென்சிலால் பின் ஓரத்தில் மெல்ல. பால்பாயின்ட் அழுத்தம் முன்பக்கம் கோடாக எழும்பும்.

ஸ்கேனருக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. சாதாரணத் தட்டை ஸ்கேனரே போதும். 8×10 படத்தை 600 டிபிஐ-இல் எடுத்தால் 4800×6000 பிக்ஸல்; 16 பிட் சாம்பல் நிறத்தில் 57.6 மெகாபைட். அஞ்சலட்டைக்கு 1200. கறுப்பு வெள்ளை என்றாலும் ஒரு பிரதியை வண்ணத்தில் எடுங்கள், கறையும் மெருகு வண்ணமும் பிரிந்து தெரியும். பின்பக்கத்தை 300-இல் தவறாமல் எடுக்க வேண்டும். முத்திரையும் ஒட்டிய குறிப்புச் சீட்டும் படத்தின் பாதி மதிப்பு.

காசு குறைவு என்றால் வாங்கும் வரிசை இது: 10 மடங்கு லூப், அமிலமில்லாத காகித உறை, 365 டார்ச், பெட்டியும் ஜெல்லும், கடைசியில் பாக்கெட் மைக்ரோஸ்கோப். இணையத்தில் வாங்குபவருக்கு இவை எதுவும் படம் கைக்கு வரும்வரை உதவாது என்பதால், பணம் கட்டும் முன் விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: பின்பக்கம் முழுதும், ஓரத்திலிருந்து ஒளி அடித்த முன்பக்கம், முன்சக்கர மையத்தை மிக அருகில் எடுத்தது. மூன்றாவதில் கம்பிகள் தனித்தனியாக நின்றால் நெகட்டிவுக்கு அருகில் இருக்கிறீர்கள். அனுப்பச் சொல்லும்போது, படத்துக்கு இருபுறமும் நெளி அட்டை வைத்து, ஒன்றின் நெளிவு நீளவாக்கிலும் மற்றதன் நெளிவு குறுக்கிலும் ஓடுமாறு கட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே திசையில் ஓடினால் தபால் பையில் படம் அந்தக் கோட்டிலேயே மடியும்.